ஓடையின் நீரையும் உயிர்களையும் கண்காணிப்பது எப்படி? களத்தில் இறங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கரையில் மரம் நட்டாயிற்று, குப்பை அள்ளியாயிற்று, ஓடையில் விழுந்துகொண்டிருந்த கழிவுநீரைத் திருப்பிவிட்டாயிற்று. இரண்டு வருடம் கழித்து ஒருவர் வந்து கேட்கிறார்: "சரி, ஓடை உண்மையிலேயே தேறியிருக்கிறதா?" பல திட்டங்கள் இந்த இடத்தில்தான் திணறுகின்றன. பழைய புகைப்படங்கள் நாலைந்து கிடைக்கும். வேலை தொடங்குவதற்கு முன் தண்ணீர் எப்படி இருந்தது, அதில் என்னென்ன உயிர்கள் இருந்தன என்று குறித்துவைத்த தாள் இருக்காது. அந்தத் தகவலை இனி எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

அதனால்தான் கண்காணிப்பை மண்வெட்டிக்கு முன்பே தொடங்கச் சொல்கிறேன். நல்ல கருவி இருந்தால் நல்லது. ஆனால் ஒரே இடத்தில், ஒரே முறையில், ஒரே பருவத்தில் விடாமல் பார்க்கும் பழக்கம் இல்லையென்றால் அந்தக் கருவியும் வீண்.

முதல் படி: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"ஓடையின் தரத்தை அறிதல்" என்பது ஒரு கேள்வியே அல்ல. "கழிவுநீரைத் திருப்பிய பிறகு, கீழ்ப்பகுதியில் விடியற்கால ஆக்சிஜன் கூடியிருக்கிறதா?" என்பது கேள்வி. "கரை மரங்கள் நிழல் தந்த பிறகு கோடையில் நீரின் உச்ச வெப்பம் குறைகிறதா?" என்பதும் கேள்வி.

எதை அளப்பது, எப்போது அளப்பது என்பதைக் கேள்விதான் முடிவு செய்யும். நிழலைப் பற்றிய கேள்விக்கு நைட்ரேட் சோதனை பெரிதாக உதவாது. நீருக்குள் விட்டுவைத்தால் மணிக்கொருமுறை வெப்பத்தைப் பதிவு செய்யும் சின்னக் கருவி ஒன்று போதும். மண்ணரிப்பைப் பற்றிய கேள்வி என்றால் மழை நாளில் போக வேண்டும். வெயில் நாளில் தெளிந்த நீரை ஐம்பது முறை அளந்தாலும் அதற்குப் பதில் கிடைக்காது.

இரண்டாம் படி: இடங்களைத் தேர்ந்தெடுப்பது

குறைந்தது மூன்று இடங்கள் வேண்டும். திட்டப் பகுதிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மூன்றாவது, திட்டம் தொடாத, ஆனால் அளவிலும் நிலத்திலும் ஏறக்குறைய இதே மாதிரியான இன்னொரு ஓடையில். இந்த மூன்றாவதை "எதற்கு வெட்டி வேலை" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. ஒரு வருடம் நல்ல மழை, அடுத்த வருடம் வறட்சி என்றால் ஓடையில் தெரியும் மாற்றம் உங்கள் வேலையால் வந்ததா, வானத்தால் வந்ததா? தொடாத ஓடையும் அதேபோல் மாறியிருந்தால் அது வானத்தின் வேலை.

இந்த ஒப்பீட்டின் வலிமையை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையரில் உள்ள ஹப்பர்ட் புரூக் காட்டில் நடந்த ஆய்வு நன்றாகக் காட்டியது. அங்கே ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்களை 1965-66 குளிர்காலத்தில் முழுவதுமாக வெட்டி, மீண்டும் தளிர்க்காமல் களைக்கொல்லியும் தெளித்தார்கள். பக்கத்தில் வெட்டாமல் விட்ட பகுதியின் ஓடையோடு ஒப்பிட்டபோது, வெட்டிய பகுதியின் ஓடையில் நைட்ரேட் பல மடங்கு ஏறியிருந்தது. வெட்டுவதற்கு முந்தைய பதிவும், வெட்டாத ஓடையின் பதிவும் கையில் இருந்ததால்தான் காரணத்தை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது.

கீழ்ப்புற இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. குழாயோ கிளை ஓடையோ வந்து சேரும் இடத்துக்கு உடனே கீழே அளக்காதீர்கள். வந்து விழும் நீர் வெகுதூரம் ஒரே கரையை ஒட்டியே ஓடும். மின்கடத்துதிறன் (நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டுவது) அளக்கும் கருவியை இடது கரை, நடு, வலது கரை என்று வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே எண்ணைக் காட்டும் இடத்தில்தான் நீர் முழுவதும் கலந்திருக்கிறது.

பாலத்தடியில் இறங்குவது சுலபம், ஆனால் சாலையிலிருந்து வழிவதெல்லாம் அங்கேதான் விழும். பாலத்துக்கு மேற்புறம் கொஞ்சம் நடந்து போய் எடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் சலசலத்து ஓடும் கற்பகுதியும் ஆழமான மடுவும் அடங்கும்படி சுமார் 100 மீட்டர் நீளத்தை உங்கள் பகுதியாக வைத்துக்கொள்ளலாம். இரு முனைகளையும் குறித்துவைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளியில் நின்று மேல்நோக்கி ஒன்று, கீழ்நோக்கி ஒன்று எனப் புகைப்படம் எடுங்கள்.

தண்ணீரில் கால் வைக்கும் முன்

தனியாகப் போகாதீர்கள். முழங்காலுக்கு மேல் வேகமான நீர் இருந்தால் இறங்காதீர்கள், அன்றைய அளவீடு விடுபட்டாலும் பரவாயில்லை. காலில் கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீர் புகாதபடி மூடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக உடம்புக்குள் நுழையக்கூடும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள்.

இன்னொன்று, நம்மால் ஓடைக்கு வரக்கூடிய ஆபத்து. வலையிலும் காலணியிலும் ஒட்டிய சேற்றோடு நத்தைக் குஞ்சுகள், பாசித் துணுக்குகள், தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை எல்லாம் ஒரு ஓடையிலிருந்து அடுத்த ஓடைக்குப் பயணம் செய்யும். ஒவ்வொரு ஓடையை விட்டு ஏறும்போதும் சேற்றைத் தேய்த்துக் கழுவி, முழுவதும் காயவிட்ட பிறகே அடுத்ததில் இறங்குங்கள். காப்பாற்றப் போன இடத்தில் நாமே நோயை விட்டுவரக் கூடாது.

மூன்றாம் படி: எவ்வளவு நீர் ஓடுகிறது

ஓட்டத்தின் அளவு தெரியாமல் மாசின் அளவைப் புரிந்துகொள்ள முடியாது. நேராக ஓடும் 10 மீட்டர் தூரத்தைக் குறித்துக்கொண்டு, பாதி மூழ்கி மிதக்கும் பொருள் ஒன்றைப் போட்டு நேரம் பாருங்கள். ஐந்தாறு முறை செய்து சராசரி எடுங்கள். அகலத்தை அளந்து, குறுக்கே பல இடங்களில் ஆழத்தையும் அளந்து சராசரி காணுங்கள்.

ஓடை 3 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 0.4 மீட்டர், மிதவை 10 மீட்டரை 20 விநாடியில் கடந்தது என்று வைத்துக்கொள்வோம். வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர். மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும் என்பதால் 0.8 ஆல் பெருக்க வேண்டும். 3 × 0.4 × 0.5 × 0.8 = 0.48 கன மீட்டர். அதாவது விநாடிக்கு 480 லிட்டர்.

இந்த நீரில் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 83 கிலோ நைட்ரஜன் இந்த ஓடை வழியாகப் போகிறது. மழைக்காலத்தில் செறிவு குறைந்ததைப் பார்த்து "தரம் கூடிவிட்டது" என்று மகிழ்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நீர் பெருகி மாசு நீர்த்துப்போயிருக்கலாம், ஆனால் மொத்தமாக அடித்துக்கொண்டு போகும் எடை கூடியிருக்கும்.

நான்காம் படி: நீர்ச் சோதனைகள்

வெப்பம், கரைந்த ஆக்சிஜன், பி.எச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு), மின்கடத்துதிறன், கலங்கல் ஆகிய ஐந்தையும் ஓடையிலேயே அளக்க வேண்டும். புட்டியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் முதல் மூன்றும் வழியிலேயே மாறிவிடும்.

இந்த ஐந்தில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் கரைந்த ஆக்சிஜனைத்தான் எடுப்பேன். கடல்மட்ட உயரத்தில், 10 டிகிரி செல்சியஸ் நன்னீர் லிட்டருக்கு சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 20 டிகிரியில் 9.1, 30 டிகிரியில் 7.6. உயரமான மலைகளில் இன்னும் குறையும். ஆகவே 7.6 என்ற ஒரே எண் வெதுவெதுப்பான ஓடையில் முழு நிறைவைக் குறிக்கும். குளிர்ந்த ஓடையில் அதுவே நிறைவில் மூன்றில் இரண்டு பங்குதான், அங்கே ஏதோ ஒன்று ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அதனால் மில்லிகிராமையும் நிறைவுச் சதவீதத்தையும் சேர்த்தே எழுதுங்கள். பொதுவாக லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் தவிக்கத் தொடங்கும். 2-க்குக் கீழே மிகச் சில உயிர்களே தாக்குப்பிடிக்கும்.

அளக்கும் நேரமும் முக்கியம். பகலில் பாசியும் நீர்த்தாவரமும் ஆக்சிஜனை விடும், இரவு முழுவதும் எல்லாமே அதை உள்ளிழுக்கும். அதனால் பிற்பகலில் ஆக்சிஜன் உச்சத்திலும், விடிவதற்குச் சற்று முன் அடிமட்டத்திலும் இருக்கும். மதியம் மூன்று மணிக்கு 120 சதவீதம் காட்டும் ஓடையில் விடியற்காலை மீன்கள் மூச்சுமுட்டி மேலே வந்து வாய் பிளந்துகொண்டிருக்கலாம். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு முறையாவது இருட்டோடு எழுந்து போய்ப் பாருங்கள். அந்த ஒரு எண் பத்து மதிய எண்களுக்குச் சமம்.

மின்முனைக் கருவி இல்லாதவர்களுக்கு, வேதிப்பொருள்களைச் சேர்த்துக் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறை இருக்கிறது. ஹங்கேரி வேதியியலாளர் லாயோஷ் விங்க்ளர் 1888-இல் வெளியிட்டது, இன்றும் கருவிகளைச் சரிபார்க்க உதவுகிறது. புட்டியில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் நீரை நிரப்புவதில்தான் அதன் வெற்றி இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பி.எச் 6.5 முதல் 9 வரை பெரும்பாலான நன்னீர் உயிர்களுக்கு ஒத்துவரும். இது மடக்கை அளவு என்பதால் ஒரு எண் மாறினால் அமிலத்தன்மை பத்து மடங்கு மாறுகிறது. மின்கடத்துதிறனுக்கு எல்லா ஓடைக்கும் பொதுவான "நல்ல எண்" கிடையாது. பாறையும் மண்ணும் அதை நிர்ணயிக்கும். உங்கள் ஓடையின் வழக்கமான எண் எது என்று தெரிந்துகொண்டால், திடீரென அது எகிறும் நாளில் மேலே யாரோ எதையோ திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கலங்கலுக்கு, அடியில் கருப்பு வெள்ளைக் குறி உள்ள ஒளிபுகும் நீண்ட குழாயே போதும். நீரை நிரப்பி, குறி தெரியும்வரை வடித்து, உயரத்தைக் குறியுங்கள்.

நைட்ரேட்டில் ஒரு பொறி உண்டு. சில சோதனைப் பெட்டிகள் "நைட்ரேட்" என்றும், சில "நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன்" என்றும் முடிவு தரும். இரண்டுக்கும் 4.4 மடங்கு வித்தியாசம். நைட்ரஜனாக 10 என்பது நைட்ரேட்டாக 44. எந்த வகை என்று எழுதாத பதிவு பிற்பாடு யாருக்கும் பயன்படாது. பாஸ்பேட்டுக்கும் இதே கதை, அங்கே 3 மடங்கு.

உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை, அதாவது கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்னும் என்பதை, ஆய்வகத்தில் 20 டிகிரியில், இருட்டில், 5 நாள் வைத்துப் பார்ப்பார்கள். ஈ.கோலை (மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) சோதனைக்குக் கிருமிநீக்கிய புட்டியில் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து, 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். எந்தச் சோதனைக்கான நீர்மாதிரியாக இருந்தாலும் நீரோட்டத்தை எதிர்த்து நின்று, உங்கள் கால் கிளப்பிய சேறு கலக்காதபடி, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே புட்டியைத் திறந்து பிடிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கல்லுக்கடியில் பார்ப்பது

இதுவரை செய்ததெல்லாம் அந்த ஒரு கணத்து நீரைப் பற்றியது. நேற்று இரவு நச்சுக்கழிவு வந்து போயிருந்தால் இன்று காலை நீர் சுத்தமாகவே காட்டும். ஆனால் கல்லுக்கடியில் மாதக்கணக்காகக் குடியிருக்கும் பூச்சிக்குத் தப்பிக்க வழியில்லை. அங்கே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதில் பல மாதங்களின் வரலாறு எழுதியிருக்கிறது. ஜெர்மனியின் ஆய்வாளர்கள் கோல்க்விட்ஸும் மார்சனும் 1900-களின் தொடக்கத்திலேயே, கழிவு கலந்த நீரை அதில் வாழும் உயிர்களைக் கொண்டு தரம்பிரித்துக் காட்டினார்கள்.

செய்முறை இது. கண்ணி அளவு 0.5 மில்லிமீட்டர் கொண்ட, தட்டையான அடிப்பக்கமுள்ள வலை, வெள்ளைத் தட்டு, மென்மையான தூரிகை, உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். உங்கள் பகுதியின் கீழ்முனையில் தொடங்கி மேல்நோக்கி நகருங்கள். வலையின் வாய் நீரோட்டத்தைப் பார்த்திருக்க, வலைக்கு மேற்புறம் காலால் அடிமண்ணைக் கிளறுங்கள். கிளம்பும் உயிர்கள் நீரோடு வலைக்குள் வந்துவிடும். பெரிய கற்களைக் கையிலெடுத்து வலைமுன் தேய்த்துவிடுங்கள். மொத்தம் 3 நிமிடம், கடிகாரம் வைத்து. அந்த 3 நிமிடத்தைச் சலசலப்பு, மடு, கரையோர வேர்கள், இலைக்குவியல் என ஒவ்வொன்றும் எவ்வளவு பரப்பில் இருக்கிறதோ அந்த அளவில் பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே 3 நிமிடம்தான். "இன்றைக்கு நிறையக் கிடைக்கிறது, இன்னும் கொஞ்சம் கிளறுவோம்" என்று நீட்டினால் ஒப்பீடு அங்கேயே கெட்டுவிடும்.

தட்டில் ஓடை நீர் ஊற்றி, வலையைக் கவிழ்த்து, ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். இலையும் மண்ணும் அடங்கியதும் தட்டு உயிர்பெற்று அசையும். முதன்முறை பார்ப்பவர்கள் அப்படியே குந்தி உட்கார்ந்துவிடுவார்கள்.

முதலில் தேட வேண்டியவை மூன்று பூச்சிக் கூட்டங்களின் நீர்வாழ் இளம்பருவங்கள், வளர்ந்ததும் சிறகு முளைத்து நீரை விட்டு வெளியேறுபவை. மேஃப்ளை இளம்பூச்சிக்கு வயிற்றின் இருபுறமும் இலைபோல அசையும் செவுள்கள் இருக்கும், வால் பெரும்பாலும் மூன்று. ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டு வால்தான், ஒவ்வொரு கால் நுனியிலும் இரண்டு நகங்கள். இவற்றில் சில வகைகள் இரண்டு மூன்று வருடம்கூட நீரில் வளரும். கேடிஸ்ஃப்ளை புழுப்போல இருக்கும், முன்பக்கம் மூன்று சோடிக் கால்கள், வால்முனையில் இரண்டு கொக்கிகள். பல வகைகள் மணலையும் குச்சியையும் தன் பட்டால் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும், ஆகவே தட்டில் நகரும் குச்சியைத் தூக்கியெறிந்துவிடாதீர்கள். இந்த மூன்றும் பல வகைகளாக நிறைந்திருந்தால் நீரில் ஆக்சிஜன் தொடர்ந்து நன்றாக இருந்திருக்கிறது.

தட்டானின் குஞ்சுகள், ஊசித்தட்டானின் குஞ்சுகள், நண்டு, இறால் போன்றவை நடுத்தரத் தாக்குப்பிடிப்பு உள்ளவை. ஊசித்தட்டானின் குஞ்சுக்கு வால்முனையில் இலைபோல மூன்று செவுள்கள் உண்டு, மேஃப்ளையோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. செவுள் வயிற்றின் பக்கவாட்டில் இருக்கிறதா, வால்முனையில் இருக்கிறதா என்று பார்த்தால் தெளிந்துவிடும்.

சிவப்பு நிறப் புழுக்களைக் கவனியுங்கள். நம் இரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஹீமோகுளோபின் இருப்பதால் மிகக் குறைந்த ஆக்சிஜனிலும் அவை வாழும். ஒன்றிரண்டு இருந்தால் தவறில்லை, நல்ல ஓடையிலும் இருக்கும். தட்டு முழுவதும் அவையே நெளிந்து வேறெதுவும் இல்லையென்றால் சாக்கடை போன்ற கரிமக் கழிவு கலக்கிறது என்று சந்தேகப்படலாம். நத்தையிலும் பிரிவு உண்டு: வாயை மூடும் தட்டு உள்ளவை பெரும்பாலும் செவுளால் சுவாசிப்பவை, நீரின் ஆக்சிஜனை நம்பியவை. மூடுதட்டு இல்லாதவை மேற்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும், அவற்றை வைத்து ஆக்சிஜன் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

கூடியவரை தட்டிலேயே வகைபிரித்து, எண்ணி, திரும்ப விட்டுவிடுங்கள். உறுதிப்படுத்த வேண்டியதை மட்டும் 70 சதவீத எத்தனாலில் வையுங்கள். இடமும் தேதியும் பென்சிலால் எழுதிய தாளைப் புட்டிக்குள்ளேயே போடுங்கள், பேனா மை கரைந்துவிடும். மீன்களை மின்சாரம் பாய்ச்சிப் பிடித்து எண்ணும் முறை பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது.

ஆறாம் படி: மதிப்பெண்

பிரிட்டனில் உருவான முறையில் ஒவ்வொரு உயிரினக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. மாசைத் துளியும் பொறுக்காதவற்றுக்கு 10, சேற்றுப் புழுக்களுக்கு 1. கிடைத்த குடும்பங்களின் மதிப்பெண்ணைக் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வரும். ஒன்பது குடும்பங்கள், மொத்தம் 54 என்றால் சராசரி 6. எவ்வளவு நேரம் தேடினோம் என்பது மொத்தத்தை மிகவும் பாதிக்கும், சராசரியை அவ்வளவாகப் பாதிக்காது. அதனால் இரண்டையும் எழுதுங்கள்.

ஒரு நிலப்பகுதிக்காகப் போட்ட அட்டவணையை இன்னொரு பகுதியில் அப்படியே பயன்படுத்தாதீர்கள். உங்கள் பகுதிக்கென்று திருத்தப்பட்டது இருந்தால் அதுவே சரி. தென்னாப்பிரிக்கா தன் ஆறுகளுக்கென்று தனி மதிப்பெண் முறை வகுத்து, அதிலிருந்து பொதுமக்களும் செய்யக்கூடிய மினிசாஸ் என்ற எளிய வடிவத்தையும் உருவாக்கியிருக்கிறது. எதுவும் கிடைக்காவிட்டால் முதலில் சொன்ன மூன்று பூச்சிக் கூட்டங்களில் எத்தனை வகை இருக்கிறது என்பதை மட்டும் எண்ணி, தொடாத ஓடையோடு ஒப்பிடுங்கள். நேர்மையான எளிய கணக்கு போதும்.

ஏழாம் படி: எண்களை நம்பத்தக்கதாக்குவது

ஒவ்வொரு களநாள் காலையிலும் பி.எச் கருவியை, பி.எச் 7, அதோடு 4 அல்லது 10 என்று அளவு தெரிந்த நிலைக்கரைசல்களில் சரிபாருங்கள். மின்கடத்துதிறனுக்கு 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசல் பரவலாகக் கிடைக்கும். சரிபார்த்த எண்ணையும் பதிவேட்டில் எழுதுங்கள். ஒரு முறை சரிபார்ப்புக் குறிப்பு இல்லாத மூன்று மாத அளவீடுகளை நான் ஒதுக்கிவைக்க வேண்டி வந்தது. அவை சரியாகவே இருந்திருக்கலாம், ஆனால் அதைக் காட்ட வழியில்லை. பத்து நீர்மாதிரிக்கு ஒன்றை இரட்டையாக எடுங்கள். அவ்வப்போது தூய நீரையும் மாதிரிபோல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அதில் பாஸ்பேட் இருப்பதாகப் பதில் வந்தால் உங்கள் புட்டியைப் பாஸ்பேட் உள்ள சலவைத்தூளால் கழுவியிருக்கலாம்.

நீர்ச் சோதனை மாதம் ஒருமுறை, அதோடு சில மழை நாட்கள். பூச்சிகள் வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு வருடமும் அதே பருவத்தில். பெருவெள்ளம் வந்தால் சில வாரங்கள் காத்திருந்து எடுங்கள், இல்லாவிட்டால் மாசையல்ல, வெள்ளத்தைத்தான் அளந்திருப்பீர்கள். திட்டம் தொடங்கும் முன் ஒரு முழு வருடமாவது, முடிந்தால் இரண்டு வருடம்.

எண்களும் உயிர்களும் ஒத்துப்போகாதபோது

சோதனை எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன, தட்டில் மட்டும் உயிர்கள் இல்லை. இந்த நிலை வந்தால் உயிர்கள் சொல்வதை நம்பித் தேடுங்கள். கற்களின் இடுக்குகளை மெல்லிய வண்டல் அடைத்திருக்கிறதா? இரவில் ஆக்சிஜன் சரிகிறதா? மழையின் முதல் நீரில் எதுவும் வருகிறதா?

அமெரிக்காவின் வடமேற்கில் சியாட்டில் சுற்றுவட்டாரத்தில் நகர்ப்புற ஓடைகளைச் சீரமைத்துவிட்டு, 1990-களின் இறுதியில் பலன் தெரிகிறதா என்று பார்க்கப் போனார்கள். முட்டையிட வந்த கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பிறகு முட்டையிடாமலேயே செத்துக்கிடந்தன. வழக்கமான சோதனைகளில் காரணம் அகப்படவில்லை. டயர்களில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் ஓசோனோடு சேர்ந்து உருவாகும் சேர்மம்தான் கொல்கிறது என்று 2020-இல்தான் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். யாரோ பொறுமையாக ஓடையில் நடந்து, செத்த மீன்களை வருடக்கணக்கில் எண்ணி எழுதாமல் இருந்திருந்தால் அந்தத் தேடலே தொடங்கியிருக்காது.

இன்னொரு காரணமும் இருக்கலாம், அது அவ்வளவு கொடியதல்ல. நீர் தேறிவிட்டது, ஆனால் வர வேண்டிய பூச்சிகளுக்கு வழியில்லை. மேஃப்ளையின் சிறகுள்ள வாழ்வு சில மணி நேரமோ சில நாட்களோதான், அதற்குள் வெகுதூரம் பறந்துவிட முடியாது. அதனால் மேலோடையிலும் பக்கத்துக் கிளை ஓடைகளிலும் வலையைப் போட்டு, அவை எங்கே மிச்சமிருக்கின்றன என்று வரைபடத்தில் குறியுங்கள். அருகில் இருந்தால் அடுத்தடுத்த வருடங்களில் உங்கள் தட்டுக்கும் வரும். தொலைவில் மட்டுமே இருந்தால், இரண்டுக்கும் நடுவில் உள்ள ஓடைத்துண்டைச் சரிசெய்வதுதான் அடுத்த வேலை.